ரஃபேலுக்குப் பின்னால் இருக்கும் பெயர்: யார் இந்த மார்செல் டசால்ட்?

2020 ஜூலை 29. அம்பாலா விமானப்படைத் தளத்தில் முதல் 5 ரஃபேல் விமானங்கள் வந்து இறங்கின. அவற்றைத் தயாரித்த டசால்ட் நிறுவனத்தின் பெயர் அதற்கு முன்பே நம் செய்திகளில் பழகிப்போன ஒன்றுதான். ஆனால், அந்த நிறுவனரின் பிறவிப் பெயர் டசால்ட் இல்லை.

1892-ல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மார்செல் ப்ளோக். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் போர் விமானங்களில் சுழன்ற ‘எக்ளேர்’ புரொப்பல்லர் இவர் வடிவமைத்தது. பிறகு சொந்தமாக விமானத் தொழில். 1936-ல் வந்த சட்டத்தால் அதுவும் அரசுடைமையானது.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் வீழ்ந்ததும், ஜெர்மானியர்களுக்காக வேலை செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார். சிறை, சிறையாக மாறி, 1944-ல் புக்கன்வால்ட் வதைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இவரைக் காப்பாற்றியவர்கள் சக கைதிகளான கம்யூனிஸ்டுகள். பின்னாளில் பெரும் கோடீஸ்வரராகி, வலதுசாரி எம்.பி.யாகவும் இருந்தவருக்கு உயிர்ப்பிச்சை கிடைத்த இடத்தைப் பாருங்கள்!

1945 ஏப்ரலில் விடுதலையானபோது வயது 53, உடம்பு நொறுங்கிப்போயிருந்தது. ராணுவ ஜெனரலான அண்ணன் பால், நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் ஒரு ரகசியப் பெயர் வைத்திருந்தார். பிரெஞ்சில் ‘பீரங்கி வண்டி’யைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘டசால்ட்’. குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1949-ல் ‘ஊரகான்’ ஜெட் பறந்தது. பிரெஞ்சில் சூறாவளி என்று அர்த்தம். 1953-லேயே இந்தியா அதை வாங்கி ‘தூஃபானி’ என்று பெயர் வைத்தது. அடுத்து மிஸ்டேர், மிராஜ். கார்கிலில் குண்டு வீசிய மிராஜ் 2000-ம் இந்த வரிசைதான்.

1980-களில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரே போர் விமானம் செய்யப் பேசின. பிரான்ஸுக்கு வேண்டியதோ எடை குறைந்த, விமானந்தாங்கிக் கப்பலிலும் இறங்கக்கூடிய விமானம். ஒத்துவரவில்லை, 1985-ல் விலகிவிட்டது. வான் சண்டை, தரைத் தாக்குதல், உளவு என்று 7 வகை விமானங்கள் பார்த்த வேலையை ஒன்றே பார்க்க வேண்டும் என்பது ரஃபேலின் கணக்கு.

1986 ஏப்ரல் 17-ல், 94 வயதில் டசால்ட் இறந்தார். அதே ஆண்டு ஜூலை 4-ல்தான் ரஃபேலின் முன்மாதிரி முதல்முறையாகப் பறந்தது. மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை.

பிரெஞ்சுக் கடற்படையில் ரஃபேல் 2004-ல் பணிக்கு வந்தது. 2007-ல் ஆப்கானிஸ்தான், 2011-ல் லிபியா என்று போர்களைப் பார்த்த பிறகும் வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. 2015-ல்தான் எகிப்து முதல் ஆளாக வாங்கியது. அடுத்த ஆண்டு இந்தியா 36 விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டது.