ஜூலியா மார்கரெட் காமிரன் அம்மையார்

இளமையே கல்விக்குரிய பருவம் என்பர். ஆயினும், ஐம்பதாவது வயதை நெருங்கிய பின்னர் ஒரு கலையை அடியிலிருந்து பயின்று, அதில் பெரும்புகழ் எய்தினோரும் உளர். மனிதர் முகத்தைப் புகைப்படத்திற் பதிக்கும் கலையில் சிறந்து விளங்கிய ஜூலியா மார்கரெட் காமிரன் அம்மையார் அத்தகையோருள் ஒருவர். காமிராவைப் புதிதாய்க் கையிலெடுக்கும் மாணவர்க்குப் பெருந்துணையாகும் அவர் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் வகித்தவர். 1836-ல் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது, வானநூற் புலவர் ஸர் ஜான் ஹெர்ஷலின் நட்பும், சட்ட நிபுணர் சார்ல்ஸ் ஹே காமிரனின் அறிமுகமும் அவருக்கு வாய்த்தன. 1838-ல் காமிரனை மணந்தார். பத்தாண்டு கழித்து அக்குடும்பத்தார் இங்கிலாந்து சென்றனர். 1860-ல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டரில், டென்னிஸன் கவியின் இல்லத்துக்கு அருகே குடியேறினர்.

1863-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. கற்பிக்க ஆசிரியர் எவருமிலர். நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறையாயிற்று. கோழிகள் வாழ்ந்த கண்ணாடிக் கொட்டில் படமெடுக்கும் கூடமாயிற்று. குடியானவர் ஒருவரைக் கூலி கொடுத்து இருத்தி எடுத்த முதற் படத்தை, ஈரமான பூச்சின்மேல் தம் கையே பட்டு அழித்துவிட்டார். எனினும் மனந்தளர்ந்தாரல்லர். 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் முகம் நன்கு பதிந்தபோது, அதனையே தம் முதல் வெற்றியெனக் கொண்டாடினார்.

அக்காலத்தில் படமெடுத்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் ஒளியிற் காட்டி, உடனே இருட்டறையிற் கழுவித் துலக்கவேண்டும். அத்தகடு ஒளியை மெல்லவே ஏற்கும். அம்மையாரோ திரைகளால் வெளிச்சத்தை அடக்கி ஒரு பக்கத்திலிருந்தே முகத்தில் விழச்செய்தார். ஆகவே சில படங்கட்கு மூன்று முதல் ஏழு நிமிஷம்வரை ஒளிகாட்ட நேர்ந்தது. அத்தனை நேரம் அசையாதிருத்தல் யாருக்கு இயலும்? மூச்சு விடுதலும் படத்தில் மங்கலாய்ப் பதிந்தது. மேலும், பெரிய லென்ஸை முகத்தருகே நிறுத்துங்கால் தெளிவாய்த் தோன்றும் தூரம் மிகக் குறுகும். கண் தெளிந்தால் காது மங்கும். மூக்கு தெளிந்தால் கண் மங்கும்.

புகைப்படச் சங்கத்தார் இம்மங்கலைப் பெருங்குறையென இகழ்ந்தனர். அவர்கள் கூறியது முற்றும் தவறன்று. விரிசலும் கறையும் அவர் தகடுகளில் உண்டு. ஆனால் பிம்பம் எந்நிலையில் அழகுறத் தோன்றிற்றோ அந்நிலையிலேயே லென்ஸை நிறுத்துவது அவர் கருதிச் செய்த செயல். 1865-ல் தென் கென்ஸிங்டன் பொருட்காட்சிசாலையார் அவர் படங்களை விலைக்கு வாங்கினர். 1867-ல் எடுத்த ஹெர்ஷலின் படத்தில், இருளினின்று எழும் நரைத்த தலையும் ஒளிவீசும் விழிகளும் அப்பேரறிஞரின் உள்ளத்தையே காட்டுகின்றன. புகைப்படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவின் இயல்பை 1819-ல் கண்டறிந்தவரும் இந்த ஹெர்ஷலே. அடுத்த ஆண்டில் டார்வினும் அவர் காமிராவின் முன் அமர்ந்தார்.

1875-ல் அம்மையார் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுடைய காப்பித் தோட்டங்கள் இலைநோயால் நலிந்திருந்த காலம் அது. களுத்துறையில் வாழ்ந்தபோது அத்தீவின் மக்களைப் படமெடுத்தார். 1877-ல் ஓவியர் மரியான் நார்த்தும் அவர் விருந்தினராய் வந்து படத்துக்கு அமர்ந்தார். 1879 ஜனவரி 26-ஆம் தேதி மலைநாட்டில் உயிர்நீத்தார். பொகவந்தலாவைக் கோயில் முற்றத்தில் அவர் கல்லறை உளது.

அந்நாளில் நம் செட்டிநாட்டு நகரத்தாரும் இலங்கையில் கொண்டுவிற்றலும் லேவாதேவியும் நடத்திவந்தனர். கடல்கடந்து பொருளீட்டிய முன்னோரின் படங்கள் இன்றும் அந்நாட்டு வீடுகளின் சுவர்களில் உள்ளன. கண்டனூரில் அத்தகைய வீடொன்றில் பாட்டனாரைப் படமெடுக்க விழையும் மாணவன், வளவின் ஓரத் தாழ்வாரத்தில், நேர்வெயில் படாத இடத்தில், வானவெளியை நோக்கி அவரை அமர்த்துக. காமிராவுக்கு அருகிலுள்ள கண்ணையே குறியாகக் கொண்டு போகஸ் செய்க. ஒளியளவை முகத்தினின்றே கொள்க. பின்னே ஒளிரும் முற்றத்தைக் கொண்டு அளந்தால் முகம் கறுத்துப்போம். ஒளிகாட்டும் நேரம் 1/125 வினாடியாயின் சிறிய அசைவு படத்தைக் கெடுக்காது. இவ்வளவும் இன்று கைப்பேசியே தானாகச் செய்யவல்லது. ஆனால் எந்த முகத்தில் எது தெளியவேண்டும் என்பதை அது அறியாது.

காமிரன் அம்மையார் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. அறியாமையால் நேரும் மங்கல் பிழை; அறிந்து கொள்ளும் மங்கல் கலை. முன்னதைப் பலகாற் பயின்று நீக்கிய பின்னரே பின்னதற்கு நாம் உரிமை பெறுவோம்.