மால்பெக் ஒயினும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்

ஏப்ரல் 17-ம் தேதியை 'மால்பெக் தினம்' என்று ஒயின் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள். 2011-ல் தொடங்கிய வழக்கம் இது. அந்தத் தேதியில் முதல் பாட்டிலைத் திறந்தார்கள்போல என்று நினைத்துவிடாதீர்கள். 1853-ல் அதே நாளில், அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், ஒரு வேளாண் பள்ளியும் நாற்றுப் பண்ணையும் அமைக்கும் திட்டம் சட்டமன்றத்துக்கு வந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பள்ளிக்கூடம் திறக்கப் போட்ட மனுவைக் கோப்பையைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள்!

அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் டொமிங்கோ ஃபாஸ்டினோ சர்மியென்டோ. வாத்தியார், பத்திரிகையாளர், எழுத்தாளர், பிற்பாடு அர்ஜென்டினாவின் ஜனாதிபதி. உங்கள் கையில் இருக்கும் அந்தக் கருஞ்சிவப்பு ஒயினைச் சரியாக ருசிக்க வேண்டுமென்றால், இந்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1811-ல் ஆண்டீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சான் ஹுவானில் பிறந்தார். அப்பா நிலையான வேலை இல்லாதவர். சுதந்திரப் போரில் சேவை செய்தவர். குடும்பத்தைத் தாங்கியது அம்மா பவுலா அல்பராசின். வீட்டு முற்றத்து அத்திமரத்தடியில் தறியைப் போட்டுக்கொண்டு துணி நெய்வார். அந்த வீட்டைக் கட்டியதே நெசவில் வந்த காசில்தான். பிள்ளைகள் வளர்ந்ததும் சர்மியென்டோவின் அக்கா தங்கைகளுக்கு அந்த மரம் பழைய பஞ்சாங்கமாகத் தெரிந்தது. வெட்டிவிட்டார்கள். அம்மாவுக்குத் தாளவில்லை. இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் சர்மியென்டோ உருகி எழுதியிருக்கிறார். அந்த மரத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

மேற்படிப்புக்கு பியூனஸ் அயர்ஸ் போக உதவித்தொகை கிடைக்க வேண்டியது. குலுக்கலில் பெயர் வரவில்லை. 15 வயதில், பாதிரியாரான தாய்வழி உறவினர் ஒருவரோடு மலையூர் ஒன்றுக்குப் போய்த் தன்னைவிட மூத்த பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு உள்நாட்டுச் சண்டை. தோற்ற கட்சியில் இருந்ததால் மலையைத் தாண்டி சிலிக்கு ஓட வேண்டியிருந்தது. அங்கே வாத்தியார், கடைச் சிப்பந்தி, வெள்ளிச் சுரங்க மேற்பார்வையாளர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். ஊர் திரும்பி, 1839-ல் பெண்களுக்கு ஒரு பள்ளியும் 'எல் சோண்டா' என்ற பத்திரிகையும் தொடங்கினார். சோண்டா என்பது அந்த வட்டாரத்தில் மலையிலிருந்து இறங்கி வீசும் அனல்காற்று. பெயருக்கேற்ற பத்திரிகைதான். சில இதழ்களோடு நின்றுபோனது, மறுபடி நாடு கடந்தார்.

இந்த முறை சிலி அவரைக் கைவிடவில்லை. 1842-ல் சான்டியாகோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் முதல் தலைவர் ஆனார். அந்த அரசாங்கமே அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, கல்வி எப்படி நடக்கிறது என்று பார்த்துவரச் சொன்னது. விவசாயத்தையும் பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. சான்டியாகோவில் இருந்த வேளாண் பண்ணையைப் பார்த்து, அதே மாதிரி ஒன்று மெண்டோசாவிலும் வேண்டும் என்று அதன் ஆளுநரை வற்புறுத்தினார். அதன் தலைமைக்கு வந்தவர், சிலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு நிபுணர் மிஷேல் புஜே. ஆண்டீஸைத் தாண்டி அவரோடு வந்த திராட்சைக் குச்சிகளில் ஒன்றுதான் மால்பெக். அதுவரை அங்கே இருந்தது, ஸ்பானியர் காலத்து 'கிரியோயா' திராட்சை; வெளிறிய நிறத்தில் ஒயின் தரும். புதிதாக வந்ததை விவசாயிகள் நெடுங்காலம் 'பிரெஞ்சுத் திராட்சை' என்றே அழைத்தார்கள்.

நேரமும் அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களில் பிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி புகுந்தது. மால்பெக்கின் தாயகமான காவோர் பகுதியும் அழிவுக்குத் தப்பவில்லை. அதற்கு முன்பே மலை தாண்டி வந்துவிட்ட குச்சிகள் மெண்டோசாவில் வேர்பிடித்துவிட்டன.

சரி, இப்போது கோப்பைக்கு வருவோம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்பதெல்லாம் குளிர் நாட்டுப் பேச்சு. நம் ஊர் அறையில் ஒயின் கொதித்துக் கிடக்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் தாளின்மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஏறக்குறைய கறுப்பு, ஓரத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மெதுவாகச் சுழற்றி மோந்து பாருங்கள்: பிளம்ஸ், பிளாக்பெர்ரி, சிலவற்றில் வயலட் பூ. ஓக் பீப்பாயில் கிடந்த ஒயின் என்றால் வெனிலா, சாக்லேட் வாசமும் சேரும்.

ஒரு வாய் எடுத்ததும் விழுங்கிவிடாதீர்கள். நாக்கு முழுக்கப் பரவட்டும். ஈறும் கன்னத்தின் உட்புறமும் லேசாக இறுகும். அதுதான் டானின். ஒயின் புத்தகங்கள் அதை விளக்க ஒரு பத்தி எழுதும். நமக்குத் துவர்ப்பு என்ற ஒற்றைச் சொல் போதும். ஆனால் வாழைப்பூத் துவர்ப்பு மாதிரி வறண்டு பிடிக்காது, நல்ல மெண்டோசா மால்பெக்கில் அது வெல்வெட் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். காவோர் மால்பெக் இன்னும் முரடு. 'கறுப்பு ஒயின்' என்றே அதற்குப் பேர். கூட என்ன சாப்பிடலாம்? அர்ஜென்டினாக்காரர்கள் தணலில் வாட்டிய மாட்டிறைச்சி சாப்பிடுகிறார்கள். கொழுப்பு துவர்ப்பை அடக்கும். நம்மூர் மிளகாய்க் காரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள். 14 சதவிகிதத்தைத் தொடும் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஒரே திராட்சை ஏன் இரண்டு ஊரில் இரண்டு மாதிரி? மெண்டோசாவின் தோட்டங்கள் பெரும்பாலும் 700 மீட்டருக்கு மேல், சில 1,500 மீட்டர் உயரத்தில். வெயில் சுள்ளென்று அடிக்கும், தோல் தடித்து நிறம் ஏறும். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். மழை மிகக் குறைவு. பனி உருகி வரும் தண்ணீரைக் கால்வாய்கள்தான் தோட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. அந்தக் கால்வாய் முறையைத் தொடங்கியவர்கள் ஸ்பானியர்கள் அல்லர், அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த ஹுவார்பே பழங்குடிகள்.

இங்கேதான் சர்மியென்டோவை நினைத்தால் எனக்கு நெருடுகிறது. 1845-ல் வெளியான 'ஃபகுண்டோ' என்ற புகழ்பெற்ற நூலில் ஐரோப்பாவிலிருந்து வருவதை நாகரிகம் என்றும், உள்நாட்டுப் புல்வெளி வாழ்க்கையைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் பிரித்தவர் அவர். பழங்குடிகளைப் பற்றியும் கௌச்சோக்கள் என்ற மாடு மேய்க்கும் குதிரைவீரர்களைப் பற்றியும் அவர் எழுதியவற்றில் சில, இன்று படித்தால் கசக்கின்றன. அதை மூடி மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. ஆனால் அவர் தருவித்த பிரெஞ்சுக் குச்சிக்கு அவர் இளப்பமாக நினைத்த மக்கள் தொடங்கிவைத்த வாய்க்கால் முறைதான் தண்ணீர் தந்தது. அம்மாவின் அத்திமரத்துக்காக உருகிய மனிதருக்கு இது ஏன் பிடிபடவில்லை என்று தெரியவில்லை.

பிற்பாடு சான் ஹுவான் ஆளுநர், அமெரிக்காவில் தூதர். அங்கே இருந்தபோதுதான், 1866-ல், வளர்ப்பு மகன் டொமிங்கிட்டோ பராகுவே போரில் இறந்த செய்தி வந்தது. இரண்டே ஆண்டில் ஜனாதிபதி. 1869-ல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்தபோது பத்தில் ஏழு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பள்ளி பள்ளியாகத் திறந்தார். ஆசிரியர்களை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கத் தொடங்கினார்; அடுத்தடுத்த ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

கடைசிக் காலத்தில் காது கேட்காமல் போனது. உடம்புக்கு வெதுவெதுப்பான ஊர் வேண்டுமென்று, மகனைப் பலிகொண்ட போரின் எதிரி நாடான பராகுவேக்கே போய்த் தங்கினார். 1888 செப்டம்பர் 11-ல் அசுன்சியோனில் இறந்தார். அந்த நாள் அர்ஜென்டினாவில் ஆசிரியர் தினம். அவர் சாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பியூனஸ் அயர்ஸ் ரயில் மெண்டோசாவை எட்டியிருந்தது. பிரெஞ்சுத் திராட்சையின் ஒயின் பீப்பாய் பீப்பாயாகத் தலைநகரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது.

மிச்சம் இருக்கிற ஒயினைக் கார்க்கால் இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவுமில்லை, உடம்பும் நம்முடையதுதானே.