தாயகம் திரும்பும் முன்

1914 மார்ச்சுத் திங்களில் சென்னையினின்று கப்பலேறிய கணிதமேதை சீனிவாச இராமானுசன், ஐந்தாண்டுக் காலம் இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1918இல் இராயல் கழகமும் கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தன. உடலோ நோயால் நலிந்திருந்தது. அவர் தாயகம் திரும்பவிருந்த வேளையில், ஆண்டுக்கு 250 பவுன் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது.

1919 சனவரி 11ஆம் நாள் அவர் விடையெழுதினார். அத்தொகை தம் தேவையினும் மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்துத் தம் செலவுபோக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் கல்விக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்த வேண்டினார். குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து அல்லலுற்றவர் அவர்.

பிப்ரவரி 27இல் இங்கிலாந்தை நீங்கினார். 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் அகவையில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். எண்களை ஆண்ட அம்மேதை, தமக்கெனக் கேட்டது சிறிதே.