மூலையில் பிறந்த இசை... ஹார்ன் ஸ்பீக்கர் பிடிவாதக்காரர் பால் கிளிப்ஷ்!

வீட்டில் ஸ்பீக்கரை எங்கே வைப்பீங்க? டிவி, சோபா, பீரோ எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தானே? ஆனா, ஒரு ஸ்பீக்கருக்காக அறையின் மூலையையே கருவியா மாத்தின மனுஷர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் பால் வில்பர் கிளிப்ஷ்.

1904-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். ஹெட்போனையும் ஒரு அட்டைக் குழாயையும் சேர்த்து முதல் ஸ்பீக்கரைச் செய்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சு, சிலி நாட்டில் மின்சார ரயில் இன்ஜின்களைப் பராமரிக்கப் போனார். திரும்பி வந்து ஸ்டான்போர்டில் மேல்படிப்பு. ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் சத்தம் செழிப்பா கேட்குதே என்று அவர் கவனிச்சது அங்கேதான்.

மூலையில் என்ன மந்திரம்?

தூரத்தில் போறவங்களைக் கூப்பிடும்போது வாயைச் சுத்தி கையைக் குவிப்போம் இல்லையா, ஹார்ன் செய்யும் வேலையும் அதுதான். ஆனா, 35 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 10 மீட்டர். அதுக்கான ஹார்னை நேரா செஞ்சா வீட்டுக்குள்ளேயே நுழையாது. கிளிப்ஷ் அதை மடிச்சுப் பெட்டிக்குள் அடக்கினார். மீதி ஹார்னா வீட்டுச் சுவர்களையே பயன்படுத்திக்கிட்டார்!

இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பணி அவரை ஆர்கன்சாவின் ஹோப் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுவந்தது. 1946-ல் அங்கேயே கம்பெனி தொடங்கினார். ஆரம்ப காலத்தில் தொழிற்சாலைன்னா ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். (பில் கிளின்டன் பிறந்ததும் அதே வருஷம், அதே ஊரில்!) நாலடிக்கு மேல் உயரமான 'கிளிப்ஷ்ஹார்ன்' அங்கிருந்துதான் உலகம் சுற்றியது.

பிடிவாதம்

டிரான்சிஸ்டர் வந்து ஆம்ப்ளிஃபயர் பவர் மலிவானதும், சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் கடைகளை நிரப்பின. பவர்தான் தாராளமா கிடைக்குதே, இந்தப் பூதம் எதுக்குன்னு பலரும் நினைச்ச காலம். கிளிப்ஷ் அசையலை. கோன் எவ்வளவு குறைவா அசையுதோ அவ்வளவு சுத்தமா ஒலி வரும் என்பது அவர் கட்சி. ஒரு வாட் கொடுத்தாலே கிளிப்ஷ்ஹார்ன் சுமார் 105 டெசிபல் தரும். அதே சத்தத்துக்கு 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 30 வாட்ஸுக்கு மேல் வேணும். மிகைப்படுத்தின விளம்பரங்களைக் கிண்டலடிக்க, உளறாதேன்னு அர்த்தம் வரும் ஒரு கெட்டவார்த்தை எழுதின மஞ்சள் பட்டனைக் கோட்டில் வச்சிருந்தார்!

ஆனா, மூலையில்தான் வைக்கணும் என்ற சொந்தக் கொள்கையை அவரே ஒருமுறை மீறினார். 1957-ல் வந்த அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு வச்ச பெயர் 'ஹெரெசி', அதாவது மதத்துரோகம்.

வீட்டில் பழைய ஹார்ன் இருக்கா?

அவர் வழியிலேயே போகலாம்:

* மூலை ஸ்பீக்கர்னா இரண்டு சுவரும் திடமா இருக்கணும். பக்கத்திலேயே கதவு, ஜன்னல் வந்தா பேஸ் ஒழுகிடும்.

* பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விடாதீங்க. ரப்பர், ஃபோம் பட்டை வச்சு அடைக்கலாம்.

* இரண்டு ஸ்பீக்கரின் பார்வையும் சந்திக்கும் இடத்துக்கு அருகே உட்காருங்க.

* பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. இரைச்சல் இல்லாத சின்னது போதும். ஹார்ன் சின்ன 'உஸ்' சத்தத்தையும் காட்டிக்கொடுத்துடும்.

* பல வருஷமான கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர்கள் சோர்ந்துபோயிருக்கும். சத்தம் மங்கலா இருந்தா, விஷயம் தெரிஞ்ச டெக்னீஷியனிடம் முதலில் அதைக் காட்டுங்க.

1989-ல் கம்பெனியை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தார் கிளிப்ஷ். 2002-ல், 98 வயதில் அதே ஹோப் ஊரில் மறைந்தார். அவர் வரைஞ்ச மூலை ஹார்ன் அதுக்கப்புறமும் அதே ஊரில் தயாராகிக்கிட்டு இருந்தது. அதனால, தாத்தா காலத்துப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடறதுக்கு முன்னாடி, ஒரு தடவை சரியான மூலையில் வச்சுக் கேட்டுப் பாருங்க!