சிறைக்கதவைத் தட்டிய செல்வர்

குற்றம் செய்தவன் தண்டனை பெறுவது முறை. குற்றம் செய்தானா இல்லையா என்று தெரியுமுன்னரே ஒருவன் தண்டனை பெறுவது முறையாகுமா? ஆகாது என்று சிலப்பதிகாரம் கற்ற நாம் அனைவரும் உடனே விடை கூறுவோம். ஆராயாது அளித்த தீர்ப்பால் கோவலன் உயிர் நீத்தான். உண்மை உணர்ந்த பாண்டியனும் உயிர் நீத்தான். ஆனால், விசாரணை முடிந்து, குற்றமற்றவன் என்று மன்றமே விடுவித்த பின்னரும் ஒருவனைச் சிறையில் அடைத்து வைத்த நாடு ஒன்று இருந்தது. அதுதான் இங்கிலாந்து! அக்கொடுமை கண்டு உள்ளம் கொதித்து, தம் பொருளையும் வாழ்நாளையும் கைதிகளுக்கே ஈந்த ஜான் ஹோவர்டு என்னும் பெருமகனாரின் வாழ்வை இங்கே சுருங்கக் கூற விழைகிறேன்.

இளமையும் இல்லறமும்

ஹோவர்டு 1726-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் இலண்டனில் வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர். சமய ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். சிறு வயதிலேயே தாயை இழந்த ஹோவர்டு, மளிகை வணிகர் ஒருவரிடம் தொழில் பயில அனுப்பப்பட்டார். 1742-இல் தந்தையும் மறைய, பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. நோயுற்றுக் கிடந்தபோது தம்மைப் பேணிக் காத்த, தம்மினும் மிக மூத்த பெண்மணியை நன்றியுணர்வால் மணந்தார். அவ்வம்மையார் 1755-இல் காலமானார்.

அவ்வாண்டு நவம்பரில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. அங்குச் செல்லக் கப்பலேறிய ஹோவர்டு வழியிலேயே பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கினார். பிரெஸ்ட் நகரக் கோட்டைச் சிறையில் பசியோடும் தாகத்தோடும் வைக்கோல்மேல் படுத்துக் கிடந்தார். கைதிகளை மாற்றிக்கொள்ளும் முறையில் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, உடனிருந்தோரின் துயரை அதிகாரிகளிடம் எடுத்துரைத்ததேயாகும்.

பின்னர் பெட்போர்டு நகரை அடுத்த கார்டிங்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1758-இல் ஹென்ரியட்டா என்னும் நங்கையை மணந்து, ஊர் ஏழைகளுக்கு நல்ல வீடுகளும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அமைத்தார். 1765-இல் மகனொருவனை ஈன்ற சின்னாளில் அவ்வம்மையாரும் மறைந்தார்.

பெட்போர்டில் கண்ட கொடுமை

1773-இல் பெட்போர்டு மாவட்டத்தின் உயர் ஷெரீப்பாக ஹோவர்டு அமர்ந்தார். பலருக்கு அது அணிகலன் போன்ற பதவி. இவரோ சிறைக்குள் நுழைந்து பார்த்தார். அங்கே சிறையதிகாரிக்குச் சம்பளம் இல்லை. கைதிகளிடம் பெறும் கட்டணமே வருமானம். எனவே, குற்றவாளியல்லர் என்று ஜூரிகள் விடுவித்தவரும், வழக்கிற்கே இடமில்லை என்று தள்ளப்பட்டவரும், வாதி வாராமையால் விடுபட்டவரும் கட்டணம் செலுத்த வழியின்றி மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்பட்டனர். நீதி விடுவித்தது, வறுமை பூட்டியது!

சிறையதிகாரிக்கு மாவட்ட நிதியிலிருந்து சம்பளம் தருமாறு நீதிபதிகளை ஹோவர்டு வேண்டினார். முன்மாதிரி உண்டா என்று அவர்கள் கேட்டனர். முன்மாதிரி தேடிக் குதிரையேறினார். மாவட்டம் மாவட்டமாக அலைந்தும் முன்மாதிரி கிடைக்கவில்லை. அதே அநீதிதான் எங்கும் கிடைத்தது.

விசாரணைக்குக் காத்திருந்தோர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. வடபகுதி மாவட்டங்களில் பெருவழக்குகளை விசாரிக்கும் மன்றம் ஆண்டுக்கொரு முறையே கூடியது. ஹல் நகரிலோ ஒரு காலத்தில் ஏழாண்டுக்கொரு முறை! அங்கே கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் ஏறத்தாழ 3 ஆண்டுகள் காத்திருக்க, அதற்குள் முதன்மைச் சாட்சி இறந்துபோக, அவன் விடுதலையானான் என்று ஹோவர்டு பதிவு செய்தார். தாமதம் நிரபராதியை வாட்டும். குற்றவாளியையும் தப்பவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? மிகையான பிணைத்தொகை கேட்கலாகாது என்று 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதித்திருந்தது. ஆயினும், கையில் காசில்லாதவனுக்குச் சிறுதொகையும் மிகையன்றோ?

இத்துணைக்கும் மேல் சிறைக்காய்ச்சல்! பேன்களால் பரவும் டைபஸ் நோயே அது. தூக்குமேடையில் மாண்டோரைவிட இந்நோயால் சிறையில் மாண்டோர் மிகுதி என்று ஹோவர்டு கண்டறிந்தார். சிறையின் முடைநாற்றம் அவர் உடையில் ஏறியதால் மூடிய வண்டியில் செல்ல முடியவில்லை. குதிரை மீதே சென்றார். குறிப்பேட்டின் தாள்களைக் கூட நெருப்பருகே விரித்து வைத்த பின்னரே படிக்க முடிந்ததாம்.

சட்டமும் நூலும்

1774-இல் பாராளுமன்றத்தின் முன் ஹோவர்டு சான்றளித்தார். மன்றம் அவருக்கு நன்றி கூறியது. அவ்வாண்டே இரு சட்டங்கள் பிறந்தன. விடுதலை பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதை ஒன்று தடுத்தது. சிறைகளின் தூய்மையையும் கைதிகளின் உடல்நலத்தையும் மற்றொன்று வலியுறுத்தியது. சட்டம் ஏட்டில் உறங்கிவிடும் என்பதை அவர் அறிவார். ஆகவே தம் செலவில் அச்சிட்டுச் சிறைதோறும் அனுப்பினார். மீண்டும் நேரில் சென்று பார்த்தார்.

1777-இல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அவர் கணக்கிட்ட கைதிகள் 4,084 பேர். அவர்களுள் 2,437 பேர் கடனைத் தீர்க்க இயலாது அடைபட்டவர்கள்! நாவன்மையால் அன்றி, எண்களால் நாட்டின் மனச்சான்றை உலுக்கினார் என்பதே என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி.

பின்னர் ஐரோப்பா முழுவதும் சுற்றினார். 42,000 மைலுக்கு மேல் பயணம். ஏறத்தாழ 30,000 பவுன் சொந்தச் செலவு. ஊரார் துயர் துடைத்தவருக்கு வீட்டில் துயர் இருந்தது. ஒரே மகன் மனநோயுற்றுக் காப்பகத்தில் வைக்கப்பட்டான். தந்தையின் நெடும்பயணங்களைக் குறைகூறுவோரும் உண்டு. அக்குறையை மறைத்து அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. மனிதராயிருந்தே இத்துணையும் செய்தார் என்பதன்றோ பெருமை!

1790 ஜனவரி 20-ஆம் நாள், உருசியப் பேரரசின் கெர்சன் நகரில், நோயாளி ஒருவரைக் காணச் சென்று தொற்றிய காய்ச்சலால் உயிர் நீத்தார். நினைவுச்சின்னம் வேண்டா, கல்லறைமேல் சூரியக் கடிகாரம் போதும் என்பதே அவர் விருப்பம். ஆயினும் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் முதன்முதல் நிறுவப்பட்ட சிலை அவருடையதே. இங்கிலாந்தில் சிறைக்கட்டணம் 1815-இல் அடியோடு ஒழிந்தது. அவர் பெயரால் 1866-இல் தோன்றிய கழகம் அப்பணியை மேற்கொண்டது.

நம் கடமை

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. மோதிராம் என்னும் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் பிணை தந்தும், கீழ்மன்றம் 10,000 ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது. வேறு மாவட்டத்தவர் என்று அவர் உடன்பிறந்தாரின் உத்தரவாதத்தையும் மறுத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கு, தண்டனைக் காலத்தினும் நெடிய காலம் விசாரணையின்றிக் கிடந்த பீகார் கைதிகளின் கதையை வெளிக்கொணர்ந்தது. இன்றும் நம் சிறைகளில் உள்ளோரில் பெரும்பான்மையோர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே.

மாணவத் தோழர்களே! ஹோவர்டு வழக்கறிஞர் அல்லர், அமைச்சரும் அல்லர். கதவைத் தட்டினார், கண்டதை எண்ணினார், எண்ணியதை எழுதினார். இம்மூன்றும் நம்மால் இயலாதவையா?