தண்ணீரைக் குறைத்து நெல்லைப் பெருக்கிய பாதிரியார்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எலவனாசூர்கோட்டைப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஏரியும் கிணறும்தான் விவசாயிகளுக்குத் துணை. மழை பொய்த்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் கிணற்று நீரும் கீழே போய்விடும்.

நெல்லோ தண்ணீரை நிறையக் கேட்கும் பயிர். 1 கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஏற்ற முறை ஒன்று உண்டு. திருந்திய நெல் சாகுபடி என்றும், ஒற்றை நாற்று நடவு என்றும் தமிழ்நாட்டு விவசாயிகள் அதைச் சொல்கிறார்கள். அந்த முறையை வகுத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர், பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஒரு பாதிரியார். அவர் பெயர் ஹென்றி டி லோலானியே.

படிப்பும் துறவும்

லோலானியே 1920-ம் ஆண்டு பிறந்தார். 1937-ல் பாரிசில் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். 1939-ல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டில் இரண்டாவது உலகப்போர் மூண்டது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1941-ல், அவர் ஏசு சபையில் சேர்ந்தார். பின்னர் குருப்பட்டம் பெற்றார். 1961-ல் சபை அவரை மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 41.

பசித்த தீவு

மடகாஸ்கர், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் பெரிய தீவு. 1960-ல்தான் அது பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை அடைந்திருந்தது. நம்மைப் போலவே அந்த மக்களுக்கும் சோறுதான் உயிர். மூன்று வேளையும் அரிசி உணவு உண்பார்கள்.

ஆனால் விளைச்சல் போதவில்லை. 1 ஹெக்டேரில் 2 டன் நெல் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பற்றாக்குறையைச் சமாளிக்க மலைக்காட்டை எரித்து, அந்த இடத்தில் நெல் விதைத்தார்கள். சில ஆண்டுகளில் மண் சத்திழந்தது. உடனே அடுத்த காட்டுக்குத் தீ வைத்தார்கள்.

ஏழை விவசாயிக்கு இருக்கும் நிலத்திலேயே, கைக்காசு செலவில்லாமல் கூடுதலாக விளைய வேண்டும். இல்லாவிட்டால் வயிறும் நிறையாது, காடும் மிஞ்சாது. இதை லோலானியே உணர்ந்தார்.

கல்லூரிப் பட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் வயல் வயலாக நடந்தார். ஓரிடத்தில் சில விவசாயிகள் நாற்றைக் கொத்தாக நடாமல் ஒவ்வொன்றாக நட்டார்கள். இன்னோரிடத்தில் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல் அவ்வப்போது காய விட்டார்கள். இரண்டு இடங்களிலும் பயிர் நன்றாக இருந்தது. இரண்டையும் அவர் ஒன்று சேர்த்தார். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, வரிசைகளுக்கு நடுவே கையால் தள்ளும் களைக்கருவியை ஓட்டச் செய்தார்.

பிந்திய மழை

1981-ல் ஆன்ட்சிராபே என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்காக ஒரு சிறிய விவசாயப் பள்ளியைத் தொடங்கினார். 1983-ல் மழை பிந்தியது. ஒரு மாத நாற்றை நடுவதுதான் அங்கே வழக்கம். அந்த ஆண்டு, மழை வந்தபோது விட்டுவிட மனமில்லாமல் 15 நாள் நாற்றையும் பிடுங்கி நட்டார்கள். புல்லைப் போல இருந்த அந்த நாற்றுகள் பிழைக்குமா என்பதே சந்தேகம்.

ஒரு மாதம் கழிந்தது. வயலைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். ஒற்றை நாற்றிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட தூர்கள் வெடித்திருந்தன! அடுத்தடுத்த போகங்களில் 12 நாள், 10 நாள், 8 நாள் நாற்றுகளையும் நட்டுப் பார்த்தார். பலன் உறுதியாயிற்று.

காரணம் என்ன?

நெல் தண்ணீரில் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எப்போதும் நீரிலேயே நிற்க வேண்டும் என்ற அவசியம் அதற்கு இல்லை. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. வேர் நலிந்துபோகும். இளம் நாற்றைத் தனித்தனியாக நட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் வேர் ஆழமாக ஓடும். தூர் பெருகும். கதிர் கூடும்.

முதலில் ரசாயன உரம் இட்டுத்தான் அவர் பரிசோதனை செய்தார். 1980-களின் பிற்பகுதியில் உரத்தின் விலை ஏறியது. ஏழைகளால் வாங்க முடியவில்லை. மட்கிய உரத்துக்கு மாறினார். அதிலும் பயிர் செழித்தது.

இந்த முறையைப் பரப்ப 1990-ல் நண்பர்களுடன் தெஃபி சைனா என்ற சங்கத்தை நிறுவினார். அறிவைச் செம்மைப்படுத்துதல் என்பது அந்தப் பெயரின் பொருள். 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இந்தச் சங்கத்துடன் கைகோத்தது. ரனோமஃபானா காட்டுப் பகுதியில் 2 டன் எடுத்துவந்த விவசாயிகள் சராசரியாக 8 டன் எடுத்தார்கள்.

இந்த முறை கடல் கடந்து பரவியதைக் காண லோலானியேக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, தமது 75-வது வயதில் காலமானார்.

தமிழ்நாட்டில்

அவர் மறைந்த பிறகு சீனாவிலும் இந்தோனேசியாவிலும் சோதனைகள் நடந்தன. மடகாஸ்கர் கணக்குகள் மிகைப்பட்டவை என்று நெல் விஞ்ஞானிகள் சிலர் மறுத்தார்கள். மகசூல் பற்றிய அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. விதையும் நீரும் மிச்சமாவதைப் பல நாட்டு வயல்கள் காட்டின.

2000-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிசோதனையைத் தொடங்கியது. பிறகு காவிரி, தாமிரபரணிப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே நட்டுப் பார்த்தார்கள். தாமிரபரணிப் பகுதியில் வழக்கமான நடவில் ஹெக்டேருக்கு 5½ டன் அளவில் விளைந்த இடத்தில், புதிய முறையில் 7 டன்னுக்கு மேல் விளைந்தது.

இங்கே 14 நாள் நாற்றை 22½ சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை போட்ட இடத்தில் 3 கிலோ போதும். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு, 2½ சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும்.

கஷ்டமும் உண்டு. கொத்தாக நட்டுப் பழகிய கைக்குச் சின்னஞ்சிறு நாற்று எளிதில் வசப்படாது. நீர் தேங்காத வயலில் களை அதிகம். 10 நாளுக்கு ஒரு முறை கருவி ஓட்ட வேண்டும். மடை திறந்தால் எல்லா வயலுக்கும் ஒருசேரப் பாயும் ஏரிப் பாசனத்தில், ஒருவர் மட்டும் வயலைக் காய விடுவது கடினம். கிணறு உள்ளவருக்கு இது கைவசம்.

எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் ஒரு வயலில் மிச்சமாகும் தண்ணீர், கிணற்றிலேயே அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும். 34 ஆண்டுகள் அந்நிய மண்ணில் சேற்றில் நடந்த பாதிரியார் கண்டதும் அதுதான்: விவசாயிக்குச் செலவு வைக்காத வித்தையே பசியை ஆற்றும்.