கொழுப்புக் கட்டியால் மார்பகம் அமைத்த டாக்டர்

உடம்பில் வேண்டாத ஒரு கட்டி, வேறோர் இடத்தில் உறுப்பாக உதவுமா? உதவும் என்று செய்து காட்டியவர் டாக்டர் வின்சென்ஸ் செர்னி.

1842ஆம் ஆண்டில் பொஹீமியாவில், டிரவுட்டனவ் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அந்த ஊர் செக் குடியரசில் இருக்கிறது. வியன்னாவில் மருத்துவம் படித்து, பிரசித்தி பெற்ற நிபுணர் பில்ரோத்திடம் ஆபரேஷன் பழகினார். 1877இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பேராசிரியர் ஆனார்.

பாடகியின் கட்டி

அவரிடம் 41 வயதுப் பாடகி ஒருவர் வந்தார். மார்பகத்தில் கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனாலும் எடுக்கவேண்டியிருந்தது. எடுத்தால் மார்பு குழிந்துவிடும். அவரோ மேடை ஏறிப் பிழைப்பவர்!

அதே பெண்ணின் முதுகின் கீழ்ப்புறத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. செர்னி அதை எடுத்து, மார்பில் வைத்துத் தைத்தார். குழி நிரம்பியது. 1895இல் இந்தச் செய்தியை வெளியிட்டார். அதே ஆண்டில்தான், அதே ஜெர்மனியில், ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார்.

1906இல் செர்னி புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1916இல் ரத்தப் புற்றுநோயால் காலமானார். கதிர் சிகிச்சையில் ஈடுபட்டதே காரணம் என்று கருதப்படுகிறது.

வெள்ளைப் புள்ளி

அவர் காட்டிய வழி வளர்ந்தது. புற்றுநோய்க்காக மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு, இன்று வயிற்றுக் கொழுப்பையோ தொடைக் கொழுப்பையோ உறிஞ்சி எடுத்து, ஊசியால் செலுத்துகிறார்கள். ரத்த ஓட்டம் கிடைக்காத கொழுப்பு மடிந்துபோகும். அங்கே எண்ணெய்ப் பைகள் உண்டாகும். நாளடைவில் சுண்ணாம்பும் படியும். எக்ஸ்-ரே படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயிலும் வெள்ளைப் புள்ளி தெரிவது உண்டே!

இந்தக் குழப்பத்துக்கு அஞ்சி, மார்பைப் பெரிதாக்கக் கொழுப்பு ஊசி போடுவதை அமெரிக்க நிபுணர் சங்கம் 1987இல் கண்டித்தது. 2009இல் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, எச்சரிக்கையோடு செய்யலாம் என்றது.

முட்டை ஓடு போல வட்டமாகப் படிந்த சுண்ணாம்பு தீங்கற்றது. பொடிப்பொடியாக, ஒழுங்கின்றிக் கூடி நின்றால் சந்தேகம் வரும். ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

ஆகவே, கொழுப்பு ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்கள் படம் எடுக்கும் இடத்தில் அதை மறைக்கக்கூடாது. எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும். பழைய படங்களையும் கொண்டுபோக வேண்டும். புள்ளியைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.